முதல் நாளே பார்ப்போம், முன்தோலைக் காப்போம்

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒரு பொருளைப் பேச வந்திருக்கிறேன். சில ஆண் குழந்தைகளுக்குச் சிறுநீர்த் துளை ஆண்குறியின் நுனியில் இருக்காது. அடிப்பக்கத்தில் எங்காவது திறந்திருக்கும். மருத்துவர்கள் இதை ஹைப்போஸ்பேடியாஸ் என்கிறோம். உதடு பிளந்து பிறந்த குழந்தையை ஊரே பார்க்கிறது. பாதம் வளைந்து பிறந்த குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரி நல்லது என்று ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். இந்தக் குறையை மட்டும் ஒரு ஜட்டி மறைத்துவிடுகிறது. தாய்க்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியும். "வளர வளரச் சரியாயிடும், வெளியே சொல்லாதே" என்று அவர்களுக்குள்ளேயே பேசி முடித்துவிடுகிறார்கள்.

வளர வளர இது சரியாகாது. ஆனால் உரிய வயதில், பழகிய கைகளில், பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஒரே அறுவையில் சரிசெய்துவிடலாம். இந்த இரண்டையும் நீங்கள் மனத்தில் பதித்துக்கொண்டு போனால் நான் வந்த காரியம் முடிந்தது.

இது எத்தனை பேருக்கு வருகிறது? ஏறத்தாழ 250 முதல் 300 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 9 லட்சம் குழந்தைகள் பிறக்கின்றன. அதில் பாதிக்குச் சற்று மேல் ஆண் பிள்ளைகள். கணக்குப் போட்டால் ஆயிரத்துக்கும் அதிகமான பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் இந்தக் குறையோடு பிறக்கிறார்கள். உங்கள் தெருவிலோ உங்கள் பள்ளியிலோ ஒரு பிள்ளை இருப்பான். யாரும் சொல்லாததால் தங்கள் பிள்ளைக்கு மட்டும்தான் இப்படி என்று ஒவ்வொரு வீடும் தனித்தனியாக அழுகிறது.

குறை எப்படி உண்டாகிறது என்று பார்ப்போம். கருவின் முதல் சில வாரங்களில் ஆணுக்கும் பெண்ணுக்கும் வெளி உறுப்பு ஒரே மாதிரிதான் இருக்கும். சுமார் எட்டாவது வாரத்துக்குப் பிறகு ஆண் கருவின் விதைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ஒரு நொதி அதை இன்னும் வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாற்றுகிறது. அதன் தூண்டுதலால் சிறு முகிழ் நீண்டு ஆண்குறியாகிறது. அதன் அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் ஓடுகிறது. வெற்றிலையின் இரு ஓரங்களையும் மடித்துச் சேர்ப்பதுபோல அந்தப் பள்ளத்தின் இரு கரைகளும் அடியிலிருந்து நுனியை நோக்கி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போய்க் குழாயாகின்றன. பதினான்காவது வாரவாக்கில் இந்த வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ஒவ்வோர் ஆணுக்கும் ஆண்குறியின் அடிப்பக்கத்திலும் விதைப்பையின் நடுவிலும் ஒரு கோடு ஓடுகிறதே, அது இப்படி ஒட்டிய தழும்புதான்.

ஒட்டும் வேலை எந்த இடத்தில் நின்றுபோகிறதோ அங்கே துளை திறந்திருக்கும். பெரும்பாலோருக்கு, அதாவது ஏறத்தாழ பத்தில் ஏழு பேருக்கு, நுனியை ஒட்டியோ, ஆண்குறியின் முனையிலுள்ள மொட்டின் கழுத்திலோ நிற்கும். சிலருக்குத் தண்டின் நடுவில். இன்னும் சிலருக்கு ஆண்குறியும் விதைப்பையும் சேரும் இடத்தில். மிகக் கடுமையான நிலையில் விதைப்பைக்குப் பின்னால், ஆசனவாய்க்கு முன்னால்கூட இருக்கும்.

துளை இடம் மாறியிருப்பதோடு இன்னும் இரண்டு அடையாளங்கள் சேர்ந்து வருகின்றன. ஒன்று, முன்தோல். அது மொட்டைச் சுற்றி முழுமையாக மூடாமல் மேல்பக்கம் மட்டும் முக்காடு போட்டதுபோல் குவிந்து நிற்கும். கீழே தோல் இருக்காது. மற்றொன்று, வளைவு. விறைப்பின்போது ஆண்குறி கீழ்நோக்கி வளையும். மூன்றும் எல்லாப் பிள்ளைக்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. அபூர்வமாகச் சில பிள்ளைகளுக்கு முன்தோல் முழுமையாக இருக்கும். தோலைப் பின்னுக்குத் தள்ள முடிகிற வயதில்தான் துளை பெரிதாகவும் கீழாகவும் இருப்பது தெரியவரும். அப்படித் தாமதமாகத் தெரிந்தால் முன்பு பார்த்த செவிலியரைக் குற்றம் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்து, எனக்கு மிகவும் முக்கியமான ஒன்றைச் சொல்கிறேன். இதற்குத் தாய் காரணம் இல்லை. கிரகணத்தன்று வெளியே வந்தாள், பப்பாளி சாப்பிட்டாள், காய் நறுக்கினாள் என்று பிரசவ வார்டின் வராந்தாவிலேயே விசாரணை தொடங்கிவிடுகிறது. மாமியார் ஒன்று சொல்வார், நாத்தனார் ஒன்று சொல்வார், குலதெய்வக் குற்றம் என்று ஒருவர் முடித்துவைப்பார். பெரும்பாலான பிள்ளைகளுக்குத் தனியொரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடியாது என்பதுதான் மருத்துவ உண்மை. சிலருக்கு ஹார்மோன் சுரப்பிலோ அதை ஏற்கும் அமைப்பிலோ மரபணுக் கோளாறு இருக்கிறது. நஞ்சுக்கொடி சரியாக ஊட்டம் தராமல் கருவிலேயே எடை குறைந்த பிள்ளைகளுக்கு இது அதிகம் வருகிறது. தந்தைக்கோ அண்ணனுக்கோ இருந்தால் அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு கூடுகிறது. இதில் எதையும் ஒரு பெண் கிரகணத்தன்று வீட்டுக்குள் இருந்து தடுத்திருக்க முடியாது. ஆகவே பிள்ளையைப் பெற்று, தையல் காயம் ஆறாத உடம்போடு படுத்திருப்பவளிடம் "நீ என்ன செய்தாய்" என்று யாரும் கேட்காதீர்கள். அப்பாக்கள் இங்கே இருக்கிறீர்கள். அந்தக் கேள்வி வீட்டில் எழும்போது நிறுத்த வேண்டியவர்கள் நீங்கள்.

முதல் நாளில் என்ன பார்க்க வேண்டும்? செவிலியர்களுக்கு இதைத் தனியாகச் சொல்கிறேன். பிறந்த ஆண் குழந்தையைத் துடைத்து எடை போடும்போது துணியை விலக்கி நல்ல வெளிச்சத்தில் ஒரு நிமிடம் பாருங்கள். முன்தோல் சுற்றிலும் இருக்கிறதா? துளை எங்கே? இரண்டு விதைகளும் பைக்குள் விரலுக்குத் தட்டுப்படுகின்றனவா? இந்த மூன்று கேள்விக்கும் விடையைக் குழந்தையின் குறிப்பேட்டில் எழுதுங்கள். ஹைப்போஸ்பேடியாஸ் உள்ள பிள்ளைகளில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு விதை இறங்காமலும் இருக்கும். குடலிறக்கமும் சிலருக்கு இருக்கும்.

இரண்டு விதைகளும் பையில் இருக்கின்றன, துளை மட்டும் கொஞ்சம் கீழே இருக்கிறது என்றால் அவன் ஆண் பிள்ளை, சந்தேகமே வேண்டாம். அவசரமும் இல்லை. தாய்ப்பால் கொடுத்து, தடுப்பூசி போட்டு, சாதாரணமாக வளர்க்கலாம். சிறுநீரகத்துக்கு இதனால் கேடு வருவதில்லை. நுனியை ஒட்டிய துளைக்காக ஸ்கேன் மேல் ஸ்கேன் எடுத்துப் பணத்தைச் செலவழிக்க வேண்டியதும் இல்லை.

ஆனால் துளை கீழே இருந்து, விதையும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் நிலைமை வேறு. அந்தக் குழந்தையை ஆண் என்றும் சொல்லாதீர்கள், பெண் என்றும் சொல்லாதீர்கள். அன்றைக்கே பெரிய மருத்துவமனைக்கு அனுப்புங்கள். பிறவி அட்ரீனல் சுரப்பி மிகைவளர்ச்சி என்று ஒரு நோய் உண்டு. அதில் கருப்பையும் சினைப்பையும் உள்ள பெண் குழந்தை, அட்ரீனல் சுரப்பியிலிருந்து பெருகும் ஆண் ஹார்மோனால் பார்வைக்கு ஆண் குழந்தைபோல் பிறக்கும். அப்படிப்பட்ட குழந்தைகளில் பலருக்கு உடலில் உப்பு தங்காது. முதல் வாரம் நன்றாகப் பால் குடித்த குழந்தை இரண்டாவது வாரத்தில் வாந்தி எடுத்து, துவண்டு, நீர் வற்றி, உயிரையே இழந்துவிடலாம். இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் பார்த்து, ஹார்மோன் பரிசோதனை செய்து, ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தும் உப்பும் கொடுத்தால் அந்த உயிர் பிழைக்கும். முதல் நாளில் ஒரு செவிலியர் விரலால் தடவிப் பார்த்ததே ஒரு குழந்தையைக் காப்பாற்றிவிடும் இடம் இது.

இங்கே சட்டமும் ஒன்று சொல்கிறது. பாலினம் தெளிவாகத் தெரியாமல் பிறக்கும் குழந்தைகளின் உறுப்பைப் பெற்றோர் விருப்பத்துக்காகவோ ஊர்ப்பேச்சுக்குப் பயந்தோ ஆணாகவோ பெண்ணாகவோ வெட்டித் திருத்தும் வழக்கம் உலகம் முழுவதும் இருந்தது. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு அதைக் கண்டித்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் தமிழ்நாடு அரசு, உயிருக்கு ஆபத்தான நிலை தவிர, இடைப்பாலினக் குழந்தைகளுக்கு அத்தகைய பாலின மாற்று அறுவை செய்யக் கூடாது என்று ஆணை பிறப்பித்தது. இந்தியாவில் முதலில் அப்படி ஆணையிட்ட மாநிலம் நம்முடையது. இது நமக்குப் பெருமை, கடமையும்கூட. பாலினம் உறுதியாகாத குழந்தைக்கு முதலில் பரிசோதனை, பிறகு நிபுணர் குழுவின் ஆலோசனை, கத்தி கடைசியில்தான். அந்தப் பிள்ளைக்கு வளர்ந்தபின் தன் உடம்பைப் பற்றித் தானே முடிவு சொல்லும் உரிமை உண்டு.

இப்போது இந்தப் பேச்சின் தலைப்புக்கு வருகிறேன். முன்தோலை எடுக்காதீர்கள். முக்காடுபோல் குவிந்த தோலைப் பார்த்து, "பிறக்கும்போதே சுன்னத் ஆகிப் பிறந்திருக்கிறான்" என்று இஸ்லாமியக் குடும்பங்களில் மகிழ்ச்சியாகச் சொல்வதுண்டு. அந்த மகிழ்ச்சியைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மீதமிருக்கும் அந்தத் தோலைக் கத்னா, அதாவது சுன்னத், செய்து எடுத்துவிட்டால், நாளைக்குத் துளையை நுனிக்குக் கொண்டுவர எங்களுக்குத் தேவைப்படும் மூலப்பொருளே போய்விடுகிறது. புதுக் குழாய்க்குப் போர்வையாகவும், சிலருக்குக் குழாயாகவுமே பயன்படுவது அந்த முன்தோல்தான். அறுவை முடிந்த பிறகு பெரும்பாலான பிள்ளைகள் கத்னா செய்த தோற்றத்தில்தான் இருப்பார்கள். ஆகவே மார்க்கக் கடமைக்கும் மருத்துவத்துக்கும் மோதல் வராது. முறை மட்டும் மாற வேண்டும்: முதலில் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள், பிறகு மற்றது. இங்கே ஜமாஅத் பெரியவர்கள் யாராவது இருந்தால் இந்த ஒரு செய்தியை உங்கள் பள்ளிவாசலில் சொல்லுங்கள். முன்தோல் இறுக்கம் என்று சொல்லிச் சிறு மருத்துவமனைகளில் வெட்டிவிடுவதும் நடக்கிறது. எந்த மதத்துப் பிள்ளையானாலும், வெட்டுமுன் துளை எங்கே இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

இந்தச் சிகிச்சை நீண்ட வரலாறு உடையது. கி.பி. 2ஆம் நூற்றாண்டின் மருத்துவர் கேலன் இந்தக் குறையை விவரித்திருக்கிறார். அந்தக் காலத்துக் கிரேக்க அறுவையாளர்கள் துளைக்கு முன்னால் இருக்கும் பகுதியையே வெட்டி எறிந்துவிடும் முறையைக் கையாண்டார்கள்; துளை நுனிக்கு வராததால் நுனியைத் துளைக்குக் கொண்டுவந்தார்கள். குழாயை உருவாக்கும் முறையான அறுவைகள் 19ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றன. 1874இல் பிரான்ஸின் சிமோன் டுப்ளே, முதலில் வளைவை நிமிர்த்தி, பிறகு குழாய் செய்யும் முறையை வெளியிட்டார். 1932இல் மாத்யூ என்ற மருத்துவர், துளைக்குக் கீழே உள்ள தோலையே மடித்து மேலே ஏற்றினார். 1971இல் நம் ஆக்ராவின் டாக்டர் ஹரிசங்கர் அசோபா முன்தோலிலிருந்து குழாய் செய்து ஒரே கட்டத்தில் அறுவையை முடிக்கும் வழியைக் காட்டினார். உலகப் பாடநூல்களில் இன்றும் அவர் பெயர் இருக்கிறது. 1981இல் அமெரிக்காவின் ஜான் டக்கெட், நுனியை ஒட்டிய துளைகளுக்கு எளிய முறையொன்றைத் தந்தார். 1994இல் வாரன் ஸ்நாட்கிராஸ் வெளியிட்ட முறைதான் இன்று உலகெங்கும் அதிகம் செய்யப்படுவது. மூடாமல் நின்றுபோன பள்ளத்தின் நடுவில் நீளவாட்டில் ஒரு கீறல் போட்டு அகலப்படுத்தி, கரைகளை மடித்துத் தைக்கிறோம். கருவில் நின்றுபோன வேலையை அதே வழியில் முடித்துவைக்கிறோம் என்றே சொல்லலாம்.

அறுவை அரங்குக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். குழந்தைக்கு முழு மயக்கம் கொடுக்கிறோம். முதுகின் கீழே ஒரு ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வதால், கண் விழிக்கும்போது பிள்ளைக்கு வலி குறைவாக இருக்கும். உப்பு நீரைச் செலுத்தி விறைப்பை உண்டாக்கி எவ்வளவு வளைந்திருக்கிறது என்று பார்க்கிறோம். முதலில் வளைவை நிமிர்த்துகிறோம். பிறகு ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் பருமனுள்ள மெல்லிய குழாயை வைத்து அதன்மேல் புதிய சிறுநீர்ப் பாதையைத் தைக்கிறோம். தையல் நூல் தலைமுடியைவிட மெல்லியது. உருப்பெருக்கிக் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்கிறோம். நீர் கசியாமலிருக்க அதன்மேல் இன்னொரு திசுப் போர்வை. கடைசியில் மொட்டை இரு பக்கமிருந்தும் சேர்த்து மூடுகிறோம். துளை மிகவும் கீழே இருந்து வளைவும் கடுமையாக இருந்தால் இரண்டு கட்டமாகச் செய்வோம். முன்தோலையோ கன்னத்தின், உதட்டின் உட்பக்கச் சவ்வையோ எடுத்துப் பதியம் போடுகிறோம். ஆறு மாதம் கழித்து அது பிடித்தபின் குழாயாக மடிக்கிறோம். வாய்க்குள்ளிருக்கும் சவ்வு ஈரத்துக்குப் பழகியது, அதில் முடி முளைக்காது. முற்காலத்தில் விதைப்பைத் தோலைக் குழாயாக்கியதால் பருவ வயதில் சிறுநீர்ப் பாதைக்குள்ளேயே முடி முளைத்துக் கல் கட்டி அவதிப்பட்டவர்கள் உண்டு.

எந்த வயதில் செய்வது? 6 மாதம் முதல் 18 மாதம் வரை என்பது இன்று உலகம் பெரும்பாலும் ஏற்றிருக்கும் காலம். பிள்ளைக்கு நினைவில் நிற்காது. காயம் சீக்கிரம் ஆறும். தன் உடம்பைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கும் வயதுக்கு முன்பே வேலை முடிந்துவிடும். அந்த வயது தாண்டிவிட்டால் கதவு மூடிவிட்டதாக நினைக்காதீர்கள். ஐந்து வயதிலும் பதினைந்து வயதிலும் முப்பது வயதிலும் செய்யலாம். வயது கூடக் கூடச் சிக்கல் கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

எல்லோருக்கும் அறுவை வேண்டுமா? வேண்டாம். துளை நுனியை ஒட்டி இருந்து, வளைவு இல்லாமல், நின்றபடி நேராகச் சிறுநீர் போகும் பிள்ளைக்குக் கத்தி தேவையில்லை. அழகுக்காக மட்டும் செய்வதைப் பிள்ளை வளர்ந்து தானே கேட்டபிறகு செய்யலாம் என்று வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் சிறுநீர் காலில் வழியும், வளைவினால் பின்னாளில் தாம்பத்யம் கடினமாகும் என்ற நிலையில் இருக்கும் பிள்ளைக்குக் காத்திருப்பதால் வரும் துன்பமும் உண்மையானது. எந்தப் பக்கம் உங்கள் பிள்ளை என்பதை மருத்துவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். செய்தால் என்ன ஆகும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்ற இரண்டு கேள்விகளையும் கேட்காமல் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அறுவைக்குப் பிறகு வீட்டில் என்ன செய்வது? ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஒரு சிறு குழாய் இருக்கும். டயப்பர் கட்டும் பிள்ளைக்கு இரண்டு டயப்பர் போடுவோம்: உள் டயப்பரில் ஒரு துளையிட்டு, அதன் வழியாகக் குழாயை வெளி டயப்பருக்குள் விடுவோம். மலம் உள்ளே, சிறுநீர் வெளியே. காயம் சுத்தமாக இருக்கும். நிறையப் பால், தண்ணீர் கொடுங்கள். மலச்சிக்கல் வராமல் பாருங்கள். முக்கினால் தையலுக்குச் சிரமம். இடுப்பில் தூக்கி வைத்துக்கொள்வதையும் மூன்று சக்கர வண்டி ஓட்டுவதையும் சில வாரம் தள்ளிப்போடுங்கள். முதல் வாரம் வீங்கிக் கன்றிப்போய் இருக்கும். பார்த்துப் பயப்படாதீர்கள், வடிந்துவிடும். காய்ச்சல் வந்தாலோ குழாய் நழுவிச் சிறுநீர் போகாவிட்டாலோ உடனே வாருங்கள். பச்சிலை, மஞ்சள், எண்ணெய் எதையும் காயத்தின்மேல் வைக்காதீர்கள். ஒரு வேண்டுகோள்: பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப்பில் உறவினருக்கு அனுப்பாதீர்கள். மருத்துவரிடம் காட்ட வேண்டுமென்றால் உங்கள் போனிலேயே வைத்துக் காட்டுங்கள். பெரியவனாகும்போது அவன் மானம் அவனுடையது.

சிக்கல்களை மறைத்துப் பேசுவது நேர்மையில்லை. நுனியை ஒட்டிய வகையில், பழகிய கைகளில், பத்தில் ஒன்பது பிள்ளைகளுக்கு ஒரே அறுவையில் முடிந்துவிடுகிறது. கீழே திறந்திருக்கும் கடுமையான வகையில் மூன்றில் ஒருவருக்கோ அதற்கு மேலோ இன்னோர் அறுவை தேவைப்படுகிறது. தையல் வழியாக ஒரு சிறு ஓட்டை விழுந்து அதிலும் சிறுநீர் வருவது அதிகம் காணும் சிக்கல். துளை சுருங்கிச் சிறுநீர் நூலாகப் போவதும் உண்டு. இரண்டையும் சரிசெய்யலாம், ஆனால் திசு மென்மையாக ஆறு மாதம் காத்திருக்க வேண்டும். ஓட்டை விழுந்துவிட்டது என்று கோபப்பட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறி மாறி அவசர அறுவை செய்துகொள்வதுதான் பிள்ளையின் திசுவைப் பாழாக்குகிறது. பருவ வயது தாண்டும்வரை அவ்வப்போது வந்து காட்டுங்கள், ஏனென்றால் உறுப்பு வேகமாக வளரும் அந்த வயதில் பழைய வளைவு சிலருக்கு மீண்டும் தலைகாட்டலாம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். சில பையன்கள் பள்ளிக் கழிப்பறையில் மற்றவர்களோடு நிற்க மாட்டார்கள். கதவுள்ள கழிப்பறைக்குப் போவார்கள், அல்லது வீடு போகும்வரை அடக்கிக்கொண்டிருப்பார்கள். தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிடுவார்கள். "பொண்ணு மாதிரி உட்கார்ந்து போறான்" என்று ஒரு பையன் கத்தினால் வகுப்பே சிரிக்கும். அந்தச் சிரிப்பை அடக்குவதும், அந்தப் பையனின் பெற்றோரைத் தனியாக அழைத்துப் பேசுவதும் உங்களால் முடியும். ஒவ்வொரு பள்ளியிலும் கதவுள்ள, தாழ்ப்பாள் போடக்கூடிய கழிப்பறை ஒன்றாவது பையன்களுக்கு இருக்க வேண்டும்.

இளைஞர்களுக்கும் சொல்ல வேண்டும். இந்தக் குறையுள்ள சிலர் திருமண வயதில் வெளியே சொல்ல முடியாமல், லாட்ஜில் அறை எடுத்து ஆண்மைக் குறைக்கு மருந்து விற்பவர்களிடம் பணத்தைத் தொலைக்கிறார்கள். எந்த லேகியமும் துளையை நகர்த்தாது. விதைகள் நன்றாக இருந்தால் விந்தணுக்களும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். அவை போய்ச் சேரும் வழிதான் சிக்கல், அதைச் சரிசெய்யலாம். பிரான்ஸின் அரசர் இரண்டாம் ஹென்றிக்கு இந்தக் குறை இருந்ததாக வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். 1533இல் கேத்தரின் தெ மெதிசியை மணந்தார். பத்தாண்டுகளுக்கு மேல் பிள்ளையில்லை. அரண்மனை முழுவதும் பழியைக் கேத்தரின்மேல் போட்டது. அவரைத் தள்ளிவைக்கலாம் என்றுகூடப் பேசினார்கள். மருத்துவர்களின் ஆலோசனைக்குப் பிறகு 1544இல் முதல் பிள்ளை பிறந்தது. மொத்தம் பத்துப் பிள்ளைகள். அவர்களில் மூவர் பிரான்ஸின் அரியணையில் அமர்ந்தார்கள். அரண்மனையானாலும் குடிசையானாலும் ஆணின் உடலில் உள்ள குறைக்குப் பெண்ணைக் குற்றவாளியாக்குவது ஒரே மாதிரிதான் நடக்கிறது. பிள்ளையில்லை என்று மருமகளை மட்டும் மருத்துவரிடம் அனுப்பாதீர்கள், மகனையும் அனுப்புங்கள்.

எங்கே போவது என்று கேட்பீர்கள். குழந்தைகள் அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கும், சென்னை எழும்பூரில் உள்ள அரசு குழந்தைகள் நல மருத்துவமனைக்கும் போகலாம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனைக்குப் போவதானால், இந்த அறுவையை அடிக்கடி செய்கிறவரா என்று நேராகக் கேளுங்கள். அந்தக் கேள்வியால் எந்த நல்ல மருத்துவரும் கோபப்பட மாட்டார். முதல் அறுவைதான் சிறந்த வாய்ப்பு. அதை அரைகுறை அனுபவமுள்ள கைகளில் கொடுக்காதீர்கள்.

நண்பர்களே, நான் கேட்பது நான்கு காரியங்கள். செவிலியர்கள் முதல் நாளே துணியை விலக்கிப் பார்த்து எழுதிவையுங்கள். குடும்பத்தார் தாயைக் குற்றம் சொல்லாதீர்கள். யாரும் மருத்துவர் பார்க்குமுன் முன்தோலை எடுக்காதீர்கள். பெற்றோர் 6 மாதம் முடிந்ததும் பிள்ளையைக் குழந்தைகள் அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். இங்கே வந்திருக்கும் ஒவ்வொருவரும் இன்று இரவு வீட்டில் இதைப் பற்றிக் கூச்சப்படாமல் ஒரு முறை பேசுங்கள். நீங்கள் பேசினால், பக்கத்து வீட்டில் பயந்துபோய் மறைத்து வைத்திருக்கும் ஒரு தாய் நாளைக் காலையில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு வருவாள். வரட்டும், நாங்கள் காத்திருக்கிறோம்.